எடை மெஷினிடம் மூன்று முறை

அறுபதுகளில் சேலம் ஜங்ஷனில் நான் வாய் பிளந்து பார்த்த எடை மெஷின், பிறகு தர்மபுரி பஸ் நிலையத்துக்கும் வந்தது. பத்துப் பைசா போட்டால் சிவப்பும் பச்சையுமாகப் பல்புகள் ஓடும், சக்கரம் சுற்றும், உள்ளே ஏதோ உருண்டு ஓர் அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் பலன். எடைக்காக யாரும் ஏறியதாக எனக்குத் தெரியவில்லை. காசு போட்டு அட்டை விழும்வரை மனசு துடிக்குமே, அதற்காகத்தான்.

எழுபதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எனக்குப் பெண் பார்க்கப் பென்னாகரம் கிளம்பினோம். ஏற்கெனவே இரண்டு வீடுகளில் பையன் வாயே திறக்கவில்லை என்று தட்டிக் கழித்திருந்தார்கள். துணைக்கு அக்கா வீட்டுக்காரர். மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தால் நாலரை ராகு காலத்துக்கு முன்பே பார்த்துவிடலாம். எனக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. மெஷினில் ஏறினேன்.

‘நினைத்த காரியம் கைகூடும்.’

அதோடு இறங்கியிருக்கலாம். எங்கள் ஊர்க் கோயிலில் சிவப்பும் வெள்ளையுமாகப் பூவை மடித்துப் போட்டுச் சாமியிடம் பூக்கேட்டால் மூன்று தடவை கேட்பார்கள். இரண்டு தடவை நல்ல நிறப் பூ வந்தால்தான் சாமி உத்தரவு. அதே முறையை மெஷினுக்கும் வைத்தேன்.

‘அவசரம் ஆகாது.’

மூன்றாவது காசு உள்ளே போனது. பல்புகள் ஓடின. அட்டை விழவில்லை.

“மாப்ள, பஸ்ஸ எடுக்கறான், வாய்யா!”

“ஒரு நிமிசம் மாமா, வந்துரும்.”

“பொண்ணு அதுக்குள்ளயா இருக்குது?”

தட்டினேன், ஆட்டினேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பஸ் போய்விட்டது.

அடுத்த பஸ்ஸில் மாமா என் முகத்தையே பார்க்கவில்லை. போய்ச் சேர ஐந்து மணி. பெண்ணின் அப்பா வாசலிலேயே கும்பிட்டார்.

“ராகு காலம் பொறந்துருச்சுங்களே. இன்னொரு நாளைக்குப் பாக்கலாமுங்க.”

இன்னொரு நாள் கூப்பிட மாட்டார் என்பது குரலிலேயே தெரிந்தது. மாமா திரும்பி நடந்தார். நான் வாசலை விட்டு நகரவில்லை.

“தப்பு என்னுதுங்க. ஆறு மணி வரைக்கும் தெருவுலயே நிக்கறனுங்க. பாக்காம போவ மாட்டனுங்க.”

அவர் மாமாவைப் பார்த்தார். “பையன் பேசவே மாட்டாருன்னாங்களே?”

நிஜமாகவே நின்றேன். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை. ஆறு அடித்த பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். இன்று என் மனைவியாக இருப்பவள் காப்பியை நீட்டினாள். மறுபடியும் எனக்குப் பேச்சு வரவில்லை.

“கால் வலிக்கலீங்களா?” என்று அவளே கேட்டாள்.

“வலிக்குதுங்க” என்றேன்.