கடலூரில் இல்லாத ஓட்டு

கல்யாணமானால் மனைவியின் ஓட்டும் தானாகவே புருஷன் ஊருக்கு வந்து சேர்ந்துவிடும் என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்த முட்டாள் நான். சாதாரண முட்டாள் என்றாலும் பரவாயில்லை, தேர்தல் நிபுணரான முட்டாள். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை வாசல் டீக்கடையில் தேர்தல் சமயத்தில் எனக்குத்தான் முதல் பெஞ்சு. ஒரே தொகுதிக்கு இரண்டு எம்.பி.க்களைத் தேர்ந்தெடுத்த ஆதிகாலத்தில் ஆரம்பித்து, சிதம்பரம் தொகுதியை வெட்டி ஒட்டிய கதை வரை கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன்.

என் மனைவிக்குச் சொந்த ஊர் குமராட்சியைத் தாண்டி, காட்டுமன்னார்கோயில் போகிற வழியில். சிதம்பரம் தொகுதி. கல்யாணமான புதிதில் வந்த தேர்தலில் அவள் ஓட்டுப் போட ஊருக்குக் கிளம்பியபோது, "ஒரு ஓட்டுல என்ன ஆயிடப் போவுது, இந்த வெயில்ல" என்று தடுத்துவிட்டேன். பார்த்தால், அந்த முறைதான் சிதம்பரத்தில் எண்ணிக்கை முடியவே மாட்டேன் என்று இழுத்துக்கொண்டு போனது. சுற்றுக்குச் சுற்று ஆள் மாறி முன்னிலை. டி.வி. முன்னால் உட்கார்ந்தவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"அடுத்த தடவ நான் போடாம இருக்க மாட்டேன்" என்றாள். அவ்வளவுதான்.

அந்த அடுத்த தடவையும் வந்தது. அதற்குள் அவள் ஓட்டு தானாகவே கடலூருக்கு வந்திருக்கும் என்று அடித்துச் சொல்லியிருந்தேன். கடலூர் வீட்டுக்கு பூத் சிலிப் எனக்கு மட்டும் வந்தது.

"எனக்கு எங்க?"

"லேடீஸுக்கு அப்புறமா தருவாங்க" என்றேன், பெரிய அதிகாரி மாதிரி.

ஓட்டுப்பதிவு நாளன்று காலையிலேயே போகலாம் என்றாள். மத்தியானத்துக்கு மேல்தான் வரிசை குறையும் என்பது என்னுடைய ஆராய்ச்சி முடிவு. உண்மையிலேயே வரிசை இல்லை. நான் போட்டுவிட்டு விரலை ஊதிக்கொண்டு திரும்பினால், என் மனைவி மேஜை முன்னால் அப்படியே நிற்கிறாள். அங்கே அவள் பெயரே இல்லை. அவள் தம்பிக்கு போன் போட்டோம்.

"அக்கா பேரு இங்கதான் மாமா இருக்கு. எங்கயும் போவலயே" என்றான் மச்சான்.

மணி மூன்றரை. ஆறு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். "ஆறுக்குள்ள கொண்டுபோய் வுட்டா சரி" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டாள்.

புதுச்சத்திரம் வரை நல்லபடியாகத்தான் ஓட்டினேன். வாய்தான் சும்மா இருக்கவில்லை. "இதோ பாரு, இந்தப் பக்கந்தான் நம்ம கடலூர் தொகுதி முடியுது. இனிமே உங்க தொகுதி" என்று காட்டினேன். பி.முட்லூரில் டீக்கடை வாசலில் என்னோடு முன்பு வேலை பார்த்தவர் கையைக் காட்டினார். ஒரு வாய் டீதானே என்று நிறுத்தினேன்.

பேச்சு தேர்தலுக்குப் போனது. "குறிஞ்சிப்பாடி எப்பவுமே கடலூர் தொகுதிதாம்ப்பா" என்று அவர் சொல்லித் தொலைத்தார்.

விட முடியுமா? குறிஞ்சிப்பாடி சிதம்பரத்தோடு இருந்தது, தொகுதியை மாற்றி வரைந்தபோதுதான் கடலூருக்கு வந்தது, அதற்குப் பதிலாக அரியலூர் பக்கம் சிதம்பரத்தோடு சேர்ந்தது என்று பெஞ்சில் டீயைச் சிந்தி, விரலால் வரைபடமே போட்டேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நான் வெள்ளாற்றை வரைந்துகொண்டிருந்தபோது வெளியில் ஸ்கூட்டர் கிளம்புகிற சத்தம் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தால் ஓட்டுகிற இடத்தில் அவள்.

"நீங்க பேசிட்டு பஸ்ஸுல வாங்க. நான் போறேன்."

"இரு இரு, நானும் வரேன்."

"வாயத் தொறந்தா எறக்கி வுட்ருவேன்."

திறக்கவில்லை. சிதம்பரம் ஊருக்குள் அவள் வண்டியை வளைத்து வளைத்து நுழைத்த விதத்துக்கு, திறந்திருந்தாலும் சத்தம் வந்திருக்காது. குமராட்சி ரோட்டில் எதிரே நெல் மூட்டை லாரி வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். தொகுதி வரலாற்றில் எனக்குத் தெரிந்த எதுவும் அந்த வண்டியை ஒரு அடிகூட முன்னால் நகர்த்தவில்லை.

அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பூத் வாசலில் போலீஸ்காரர் கதவில் கை வைத்துக்கொண்டு நின்றார். "ஆறு ஆவப் போவுது, சீக்கிரம் உள்ள போம்மா" என்றார். அவள் ஓடினாள். பின்னாலேயே நுழையப் பார்த்த என்னை நிறுத்தி, விரலைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத்தான் முடிஞ்சிருச்சே, வெளிய நில்லுங்க" என்று கதவைச் சாத்தினார்.

வேப்பமரத்தடியில் நின்றிருந்த ஊர்க்காரர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"வாங்க மாப்ள. தொகுதி நெலவரம் எப்டி? இங்க யாரு வருவாங்க?"

இப்படி ஒரு கேள்விக்காக நான் காசு கொடுத்து டீ வாங்கித் தந்த நாட்கள் உண்டு. இன்றைக்கு, "தெரியலீங்க மாமா" என்றேன். அவர்களுக்கே சங்கடமாகிவிட்டது.

கடைசி ஆட்களோடு அவள் வெளியே வந்தாள். விரலில் மை இன்னும் ஈரமாக இருந்தது. துப்பட்டாவில் படாமல் கையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. இதுதான் சமயம் என்று பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டேன்.

"யாருக்குப் போட்ட?"

"நீங்க கடலூர், இது சிதம்பரம் விஷயம்."