பாஸ்வேட் கேட்ட வெள்ளிக்கிழமை

கம்பஸ் கணினிப் பிரிவில் வேலை செய்கிறவரைக் கட்டினால், அவருடைய வேலையில் பாதி உங்கள் தலையிலும் விழும். கறிக்குத் தாளித்துக்கொண்டே "வைஃபை இல்லை", "பாஸ்வேட் மறந்துபோச்சு" கேட்டுப் பழகிய சகோதரிகளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. போன வெள்ளி இவர் காய்ச்சலில் சுருண்டுவிட்டார். போன் என் கையில். அன்று பகல் பன்னிரண்டுடன் சோதனைப் பதிவு மூடப்படும். பதியாதவர் எழுத முடியாது.

சந்தையில் ஒரு இலக்கம்

முதலில் போனில் வந்தது துளசி, இறுதியாண்டு மாணவி. பாஸ்வேட் மறந்துவிட்டாள். புதிசு எடுக்க ஒரு இரகசிய இலக்கம் வரும். அது போவது தகப்பனின் போனுக்கு. கம்பஸில் சேர்ந்தபோது அந்த நம்பரைத்தான் கொடுத்தாளாம். அவரோ சுன்னாகம் சந்தையில் வெங்காயத்தோடு நிற்கிறார். "அப்பா சொல்லமாட்டாராம் அன்ரி! ஆருக்கும் சொல்லக்கூடாதெண்டு பாங்கிலை சொன்னவையாம்!" என்று அழுகிறாள்.

நானே அவருக்குப் போன் எடுத்தேன். நீங்கள் ஆர், எந்த ஊர், எங்கை படிச்சனீங்கள் என்று ஒரே விசாரணை. அடுப்பில் பருப்பு பொங்குகிறது. கொன்வென்ட் என்றதும் குரல் இளகிற்று. "சிஸ்டர்மாரிட்டைப் படிச்சனீங்களோ? அப்ப உங்களுக்குச் சொல்லுறன் தங்கச்சி. பிள்ளைக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

மானிப்பாய்க் கலியாணம்

பிள்ளைக்குச் சொல்ல விட்டால்தானே! நடுவில் ஒரு விரிவுரையாளர் அம்மா. கம்பஸ் வைஃபை அறவே வேலை செய்யவில்லையாம். எந்தக் கட்டடத்தில் நிற்கிறீர்கள் என்றேன். பின்னால் மேளம் கேட்டது. மானிப்பாயில், கலியாண மண்டபத்தில்! கம்பஸ் மதிலோடு அது முடிந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். "உங்கடை அவர் மனம் வைச்சால் இஞ்சை வரைக்கும் விடலாம்தானே?"

ராகுகாலம்

இலக்கத்தைச் சொல்லிவிட, துளசி ஒருவழியாகப் பதிந்தாள். ஆனால் துறைத் தலைவர் தன் கணக்குக்குள் போய் அனுமதி கொடுத்தால்தான் பதிவு செல்லும். அந்தப் பேராசிரியரின் பாஸ்வேட் காலாவதி. புதிசு போடச் சொல்லி எடுத்தேன். "வெள்ளிக்கிழமை, பத்தரை தாண்டீட்டுது, பிள்ளை. ராகுகாலத்திலை புதுசா ஒண்டும் துவங்கமாட்டன். பன்னிரண்டுக்குப் பிறகு பாப்பம்." "பன்னிரண்டுக்குப் பிறகு பாக்க ஒண்டும் இராது, சேர். அந்தப் பிள்ளையின்ரை சோதனை போச்சு!" மனிசன் அசையவில்லை.

எனக்குப் பொறுமை கிடையாது. கம்பஸ் கணக்குகளெல்லாம் சிங்கப்பூர் சேர்வரில் என்று என் கணவர் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. "நீங்கள் துவங்கிறது இஞ்சை இல்லை, சேர். சிங்கப்பூரிலை. அங்கை இப்ப மத்தியானச் சாப்பாடும் முடிஞ்சுது. ராகுகாலம் எப்பவோ போயிட்டுது." அந்தப் பக்கம் வாய்க்குள் கணக்குப் பார்க்கிறார். பிறகு விசைகளைத் தட்டும் சத்தம். துளசியின் பதிவுக்கு அனுமதி கிடைத்தது. நான் போனை வைக்கப் போனேன். "நில்லும் பிள்ளை. மகளின்ரை கலியாணப் பதிவு எழுத்துக்கு இஞ்சை ஒரு நல்ல நேரமும் வருகுதில்லை. அதையும் சிங்கப்பூரிலை போடேலாதோ?"

துளசி சோதனை எழுதுவாள், பேராசிரியர் சிங்கப்பூர் நேரம் பார்ப்பார், இவரோ காய்ச்சல் மாறியும் போனைத் திருப்பி வாங்கமாட்டார். எங்கள் வீட்டுத் தகவல் தொழில்நுட்பச் சேவை இவ்வளவுதான்.