பேட்டரி மேல் ஒரு முழம் கரை

கல்யாணமாகி நாலாவது வருஷம் எங்கள் வீட்டுக்கு ஒரு பழைய கார் வந்தது. ஐந்தாவது வருஷ ஐப்பசியில் அது தெருவுக்கே பகையாளி ஆயிற்று.

காலையில் என் கணவர் வியாபாரத்துக்குக் கிளம்புவார். காரில் உட்கார்ந்து செல்ஃபை இழுப்பார். உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம் வரும், அதோடு சரி. இரண்டாம் தடவை அதுவும் வராது. இறங்கி நின்று தெருவைப் பார்த்து அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரிப்பார். அதற்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். நாலு வீட்டுத் தறிகள் சட்டென்று நிற்கும். தறிக்குழியிலிருந்து ஏறி வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாலு பேர் காரின் பின்னால் கை வைப்பார்கள். எதிர்வீட்டு நெசவாளர் மட்டும் தள்ளிக்கொண்டே முனகுவார்.

"இன்னா மொதலாளி, நாங்க பொடவ நெய்யறதா, இல்ல தெனம் உன் வண்டியத் தள்ளிக்கினு இருக்கறதா?"

தெருவே சிரிக்கும். எனக்கு மட்டும் சிரிப்பு வராது. அந்தக் கார் ஓடினால்தான் என் அம்மாவைப் பார்க்க முடியும். அப்பா போன பிறகு அம்மா கூரம் கிராமத்தில் தனியாக இருந்தாள். பஸ்ஸில் போகிறேன் என்றால் மாமியார் விடமாட்டார். "பட்டு யாவாரி பொண்டாட்டி பஸ்ஸுல தொங்கிக்கினு போவாளா?" என்பார். கார் வந்ததிலிருந்துதான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூரம் போய்க்கொண்டிருந்தேன். அம்மா காலையிலிருந்தே ஹாரன் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பாள்.

அந்த வருஷம் ஆயுத பூஜை விமரிசையாக நடந்தது. தறிக்கும் ஊடை ஓட்டும் நாடாவுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, தறிக்கட்டையில் ஒரு துண்டு ஜரிகைக் கரையைக் கட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். காருக்கு மட்டும் ஒன்றுமில்லையா என்று எனக்கு மனசு கேட்கவில்லை. பானட்டைத் திறந்து பார்த்தேன். காருக்கு உயிரே பேட்டரிதான் என்று என் கணவர் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. என் முகூர்த்தப் புடவையை நெய்தபோது மிஞ்சிய கரை ஒரு முழம் என் பெட்டியில் பத்திரமாக இருந்தது. அதை எடுத்து, பேட்டரியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் மாலை மாதிரி சார்த்தி, சந்தனம் அப்பி, பொட்டும் வைத்தேன். அப்படி ஒரு அழகு!

பத்து நாளில் மழை பிடித்துக்கொண்டது. கூடவே இந்தச் சனியனும் பிடித்துக்கொண்டது.

பேட்டரிக் கடை பாய் வந்தார். நிதானமான மனிதர். ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். இன்ஜினை ஓடவிட்டு மீட்டர் முள்ளைப் பார்த்தார். டைனமோவிலிருந்து பேட்டரிக்குக் கரண்டை விடும் கட்அவுட் பெட்டியைத் திறந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"டைனமோ நல்லா எறைக்குது மொதலாளி. தொட்டியிலதான் தண்ணி நிக்க மாட்டேங்குது."

தொட்டி ஓட்டையா என்று பார்க்க, பேட்டரியைத் தன் கடைக்கே கொண்டுபோனார். அங்கே நாலு நாள் சும்மா கிடந்தும் சார்ஜ் கொஞ்சமும் இறங்கவில்லை. திரும்ப எங்கள் காரில் வைத்தார். அன்று மழை. மறுநாள் காலையில் 'டொக்'.

"அப்ப வண்டியிலதான் எங்கியோ லீக்காவுது. சாயந்தரமானா வயரக் கழட்டி வெச்சிடுங்க" என்றார். கழற்றி வைத்தோம். அப்படியும் காலையில் பேட்டரி காலி. பாய் தெருவிலேயே குந்திவிட்டார்.

"வயரக் கழட்டியும் எறங்குதுன்னா, இது இன்னா பேயா?"

என் மாமியார் அன்றைக்கே பம்பரில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கட்டித் தொங்கவிட்டார். எதிர்வீட்டுக்காரர் பேட்டரியில் பாலாற்றுத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். நான் மட்டும் சும்மா இருந்தேனா? பாய்க்குத் தொழில் தெரியாது என்றேன். என் கணவருக்குக் கார் வாங்கத் தெரியாது என்றேன். விற்றவன் தலையில் கட்டிவிட்டான் என்றேன். என் வாய்க்கு அந்த மாசம் ஓய்வே இல்லை.

வழியில் நின்றுவிட்டால் தள்ள ஆள் ஏது என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை கூரம் போகவில்லை. ஒரு புதன்கிழமை சாப்பிடும்போது என் கணவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார். "செவிலிமேட்டுக்காரரு ஒருத்தரு வெள்ளிக்கெழம காலையில வர்றாரு. வண்டியக் குடுத்துடலாம்."

நான் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டேன்.

வியாழக்கிழமை அவர் வழக்கம்போலத் தள்ளிக் கிளப்பி, வாலாஜாபாத் போய்விட்டு மத்தியானம் திரும்பினார். ஓடிய ஓட்டத்தில் பேட்டரி நிரம்பியிருந்தது. அன்று சாயந்தரம் புடவை வாங்க ஒரு அம்மா வந்தார். பெண்கள் வந்தால் விரித்துக் காட்டுவது என் வேலை. நிஜ ஜரிகைதானா என்று கேட்டார். வருஷக்கணக்காகச் சொல்கிற பாட்டை நான் ஆரம்பித்தேன். "சொரண்டிப் பாருங்கம்மா. மேல தங்க முலாம், அதுக்குள்ள வெள்ளிக் கம்பி, அதுக்கும் உள்ள செவப்புப் பட்டு..."

வெள்ளிக் கம்பி. கம்பி!

அந்த அம்மாவை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். பானட்டைத் தூக்கினால், என் கரை மழை ஈரத்தில் ஊறி, பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் நடுவே சொதசொதவென்று படுத்திருந்தது. ஜரிகை கருத்துவிட்டது. சந்தனம் சேறாகியிருந்தது. பாய் கடையில் இந்தக் கரை இல்லை, அதனால் சார்ஜ் நின்றது. வயரைக் கழற்றினாலும் கரை பேட்டரி மேலேயேதான் இருந்தது, அதனால் இறங்கியது. இத்தனை நாள் ஊரையே திட்டிய வாய் அப்போதுதான் மூடியது. கரையை எடுத்தேன், பேட்டரி ஆசிட் பட்டு விரல் எரிந்தது. பேட்டரியை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் உள்ளே வந்தேன்.

இரவு நல்ல மழை. காலையில் செவிலிமேட்டுக்காரர் குடையோடு வந்து நின்றார். பாயும் வந்திருந்தார். கூப்பிடாமலேயே நாலு பேர் தறியை விட்டு வந்து காரின் பின்னால் கை வைத்தார்கள். என் கணவர் உள்ளே ஏறி உட்கார்ந்தார். அவர் செல்ஃபை இழுத்தார். முதல் இழுப்பிலேயே இன்ஜின் உறுமிக் கிளம்பியது. தள்ள நீட்டிய கைகளோடு அவர்கள் அப்படியே நின்றார்கள்.

"இன்னா மொதலாளி, அப்ப நாங்க வேணாவா?" என்றார் எதிர்வீட்டுக்காரர். அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது.

மறைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. காகிதத்தில் சுற்றி வைத்திருந்த கரையைக் கொண்டுவந்து நீட்டினேன். "நான் வெச்சதுதான். இதாலதான் எல்லாம்" என்றேன். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

என் கணவர் கரையை வாங்கிக்கொண்டார். பாய்தான் பேசினார்.

"நான் மொத நாளே கேட்டேம்மா, ஈரத்துணி மேல வேணாம், முனையில உப்பு பூக்கும், எடுத்துடலாமான்னு. மொதலாளிதான் வுடல. 'அது அவ முகூர்த்தப் பொடவைக் கரை பாய். எடுத்தா மனசு ஒடஞ்சி பூடுவா. வண்டி போனாலும் போவட்டும், அதுல கை வெக்காதே'ன்னாரு. பூஜ சமாச்சாரமாச்சேன்னு நானும் ஒவ்வொரு தபாவும் பாத்து எடுத்து, பாத்து வெச்சேன்."

காரை வாங்கத் தெரியாதவர் என்று நான் மாசம் முழுக்க ஏசிய மனிதர், எலுமிச்சம்பழத்தை அப்போதுதான் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன. செவிலிமேட்டுக்காரரைக் காப்பி கொடுத்து அனுப்பிவைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை கூரத்துக்குப் புறப்பட்டோம். நான் ஏறி உட்கார்ந்ததும் அவர் சட்டைப்பையிலிருந்து அந்தக் கரையை எடுத்தார். அலசிக் காயவைத்திருந்தார். கருப்பு மட்டும் போகவில்லை. அதைக் காருக்குள் முன்னால் இருந்த சின்னக் கண்ணாடியில் கட்டித் தொங்கவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"இங்க கரண்டு வராது இல்ல?"

வராது என்று தலையை ஆட்டினேன். அவர் செல்ஃபை இழுத்தார்.