நியூட்ரினோ நாயகியும் பூஜைத் தேங்காயும்

அந்தத் தொடரை முதல் முப்பது நாள் நான் மரியாதையோடுதான் பார்த்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பிசிக்ஸ் வாத்தியாருக்கு டிவி என்றாலே ஆகாது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

இன்னும் நூறு வருடம் கழித்து நடக்கிற கதை. ஆறு, ஏரி எல்லாம் வற்றிவிட்டன. கதாநாயகி ஒரு விஞ்ஞானி. தரைக்குள் ஒலி அலையை அனுப்பி, அது பாறையில் பட்டுத் திரும்புகிற நேரத்தை அளந்து, தண்ணீர் இருக்கும் இடத்தைச் சொல்கிற கருவியைச் செய்கிறாள். கருவி தப்பாகச் சொல்கிறது. திருத்துகிறாள். மறுபடியும் தப்பு. மறுபடியும் திருத்துகிறாள். பரவாயில்லையே, யாரோ படித்தவர் எழுதுகிறார் என்று மனைவியிடம் வாய்விட்டுப் பாராட்டினேன். பெரம்பலூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரமே அந்தத் தொடருக்காக ஏழரைக்கு மாறியது.

அப்புறம் ஒருநாள் வில்லன் கருவியை உடைத்தான். கதாநாயகி அழுதாள். கண்ணீர்ச் சொட்டு தரையில் விழுந்ததும் அவள் உள்ளங்கையில் நீல வெளிச்சம் வந்தது. வெள்ளைக் கோட்டோடு மண்டியிட்டுத் தரையில் கை வைத்தாள். பீறிட்டுக்கொண்டு வந்தது தண்ணீர். சின்ன வயதில் ஆய்வுக்கூடத்தில் நடந்த விபத்தில் நியூட்ரினோ அவள் ரத்தத்தில் கலந்துவிட்டதாம்.

சோற்றுக் கையோடு எழுந்து நின்று கத்தினேன். நியூட்ரினோ என்பது எதோடும் ஒட்டாத, உறவாடாத துகள். நொடிக்கு எத்தனையோ கோடி நியூட்ரினோ என் உடம்பையும்தான் துளைத்துக்கொண்டு போகிறது. எனக்குக் கிடைத்ததெல்லாம் முழங்கால் வலி. கையை வைத்தால் தண்ணீர் வருமென்றால் முப்பது நாள் அந்தக் கருவியோடு எதற்கு மாரடித்தாள்?

"ஏங்க, கதைதானே. உக்காந்து சாப்பிடுங்க" என்றாள் மனைவி.

கதைதான். அம்மன் படத்தில் அம்மன் வந்து சூலத்தைச் சுழற்றினால் நான் மூச்சு விடமாட்டேன். அவள் அம்மன் என்று சொல்லிவிட்டுத்தான் வருகிறாள். அதில் ஒரு நாணயம் இருக்கிறது. இவர்கள் செய்வது போலி மருத்துவர் வேலை. கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு விபூதி போடுகிறார்கள். கருவி தப்பாகச் சொல்லலாம், அப்போது என்ன செய்வது என்று ஒரு நல்ல கேள்வியை முப்பது நாள் வளர்த்துவிட்டு, பதில் சொல்லத் துப்பில்லாமல் உள்ளங்கைக்குள் போய் ஒளிந்துகொண்டார்கள். கோழைகள். அதன்பிறகும் தினமும் பார்த்தேன், திட்டுவதற்காகவே. ஸ்டாஃப் ரூமில் மறுநாள் நடித்தும் காட்டுவேன்.

அந்தச் சமயத்தில்தான் பாடாலூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் வெங்காயக் காட்டில் போர்க்கிணறு வற்றிப்போனது. எங்கள் காடு என்பது பேச்சுக்கு. என் மாமனார் ஆயுள் முழுக்க அடுத்தவர் காட்டில் வெங்காயம் பறித்து வாங்கிப் போட்ட ஒன்றரை ஏக்கர். என் மனைவிக்கு வந்தது. அவர் குடும்பத்தில் சொந்தமாக மண் வாங்கிய முதல் ஆள் அவர். அது தரிசாகக் கிடப்பதை மட்டும் அவளால் தாங்க முடியாது. வெங்காயத் தாள் வெயிலில் படுத்துவிட்டதைப் பார்த்துவிட்டு வந்த அன்று அவள் சாப்பிடவில்லை. இன்னொரு போர் போட ஒருதரம்தான் எங்களால் முடியும். அதிலும் தண்ணீர் வராமல் புழுதிப் புகைதான் வருமென்றால் காட்டை விற்க வேண்டியதுதான்.

"அரும்பாவூர்லேர்ந்து ஒருத்தர் வராருங்க. தேங்காய உள்ளங்கையில வச்சுக்கிட்டு நடப்பாராம். தண்ணி இருக்குற எடத்துல தேங்கா நட்டுக்கிட்டு நிக்குமாம்" என்றாள்.

"அதுக்கு ஒன் நியூட்ரினோ அம்மாவையே கூப்பிடேன்" என்றேன். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பார்த்தும் சிரித்தேன்.

அரியலூரிலிருந்து ஒரு நிலவியல்காரரை நான் வரவழைத்தேன். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையிலேயே வந்து, காட்டில் அங்கங்கே கம்பிகளை ஊன்றி, மின்சாரம் விட்டு, மீட்டர் காட்டியதை நோட்டில் எழுதினார். பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை. குறிக்கிற இடத்தில் உடைப்பதற்காக மனைவி ஒரு மஞ்சள் பையில் தேங்காயும் சூடமும் கொண்டுவந்திருந்தாள். அதற்கு நான் தடை சொல்லவில்லை, பெரிய மனது. அவள் டீ வாங்க ரோட்டுக் கடைக்குப் போனாள்.

நிலவியல்காரர் இரண்டு இடங்களைக் காட்டினார். ஒன்று வேம்புக்குப் பக்கத்தில், இன்னொன்று வரப்பு மூலையில்.

"ரெண்டும் ஒண்ணுதான் சார். ரெண்டுலயும் தண்ணி இருக்க வாய்ப்பு இருக்கு. இல்லாமயும் போலாம்."

"எது நிச்சயம்?"

"நிச்சயம்னுலாம் மிஷின் சொல்லாதுங்க சார். இனிமே நீங்கதான் சொல்லணும்."

இதைவிட நேர்மையான வாக்கியத்தை எந்த வகுப்பிலும் நான் சொன்னதில்லை. ஆனால் அந்த வெயிலில் அது எனக்கு எமனாகத் தெரிந்தது. தப்பான இடத்தைக் காட்டினால் மாமனாரின் மண் போகும். அதற்கப்புறம் அவள் என்னைத் திட்டக்கூட மாட்டாள்.

"தேங்கா வச்சுப் பாக்கத் தெரியுமா ஒங்களுக்கு?" என்று கேட்டேன்.

"நான் அதெல்லாம் பாக்குறதில்ல சார்" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

மஞ்சள் பையிலிருந்து தேங்காயை எடுத்து என் உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு நடந்தேன். வேம்புக்குப் பக்கத்தில் படுத்தே கிடந்தது. வரப்பு மூலையில் எழுந்து நின்றது. கைத்தசை நமக்குத் தெரியாமலே அசையும், வேறு ஒன்றுமில்லை என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குச் செய்து காட்டிச் சிரிக்கிறவன் நான். சிரிப்பு வரவில்லை. தேங்காயைத் துடைத்துப் பையில் வைத்துவிட்டு, "மூலையிலயே போடுவோம்" என்றேன்.

தண்ணீர் வந்தது. நல்ல தண்ணீர். வேம்படியில் போட்டிருந்தாலும் வந்திருக்குமா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. பக்கத்துக் காட்டுக்காரர், "சார் மிஷின் வச்சுல்ல பாத்தாரு, அதான்" என்று ஊரெல்லாம் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன். ஸ்டாஃப் ரூமில் அறிவியல் மனப்பான்மை பற்றி அரைமணி நேரம் பேசினேன்.

போன வாரம் அந்த நாயகி உள்ளங்கையைக் காட்டி விண்கலத்தையே நடுவானில் நிறுத்தினாள். வழக்கம்போலச் சோற்றுக் கையோடு எழுந்து கத்தினேன். பித்தலாட்டம் என்றேன், விஞ்ஞானத்துக்கே அவமானம் என்றேன்.

மனைவி ரசத்தை ஊற்றிக்கொண்டே, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"அன்னிக்கு டீ வாங்கிட்டு வரப்ப பாத்தேங்க. இவளாவது எல்லாரும் பாக்கக் கைய வக்கிறா."

நான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.