பகலில் எரிந்த பல்பு

ஜெலுத்தோங்கில் நான் இப்போது குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில், சன்னல் கட்டையின் மேல் கார் பிரேக் விளக்கின் பல்பு ஒன்று கிடக்கிறது. கட்டைவிரல் பருமன். அடிப்பூணில் பழைய குங்குமக் கறை. வீடு மாறிய போதெல்லாம் பாயை விட்டுவிட்டு வந்திருக்கிறேன், சட்டி பானையை விட்டுவிட்டு வந்திருக்கிறேன், இதை விட்டதில்லை. பாசம் ஒன்றுமில்லை. இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அது ஆறிப்போய்விடக் கூடாது என்றுதான் வைத்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். இரண்டாம் படிவத்தோடு, பதினான்கு வயதில், பள்ளியை விட்ட நான், கப்பலில் துரு சுரண்டி, லாரியில் மூட்டை ஏற்றி, எங்கும் ஒரு வருடம் தாங்காமல் அலைந்து, இதே வட்டாரத்தில் ஒரு பட்டறையில் வந்து விழுந்தேன். தொழிற்சாலைகளுக்குச் செம்புக்கம்பிச் சுருள் சுற்றிக் கொடுக்கும் பட்டறை. முதலாளி, நான் அக்கா என்று கூப்பிட்ட ஒரு பெண், நான், மூன்றே பேர். அக்கா ஒரு எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் பல வருடம் ஆபரேட்டராக இருந்து, ஆட்குறைப்பில் வெளியே தள்ளப்பட்டவர். கணவர் இல்லை. பள்ளிக்குப் போகும் இரண்டு பெண்பிள்ளைகள். இந்த வேலை போனால் அடுப்பு எரியாது என்பதை அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை.

கையால் சுற்றிச் சுற்றி விரல்கள் வெடித்துப் போனதால், அவரே ஓர் இயந்திரம் செய்தார். பழைய இரும்புக் கடையில் கிடந்த கணினியிலிருந்து அதன் பவர் சப்ளைப் பெட்டியைக் கழற்றி வந்தார். உடைந்த பிரிண்டர்களிலிருந்து இரண்டு ஸ்டெப்பர் மோட்டார்கள். ஒவ்வொரு மின்துடிப்புக்கும், அடியெடுத்து வைப்பதுபோல், ஓர் அடி மட்டும் திரும்பும் மோட்டார் அது. ஒன்று சுருளைச் சுற்றும், மற்றது கம்பியை இடமும் வலமும் நகர்த்தும். பெட்டியின் பக்கத்தில் இந்தப் பல்பையும் மாட்டினார். பட்டப்பகலில் அது மங்கலாக, செம்மஞ்சளாக எரிந்துகொண்டிருக்கும். எதற்கு என்று கேட்டேன்.

“அதுக்கும் கொஞ்சம் சோறு போடணும் தம்பி. இல்லாட்டி பெட்டி மொரண்டு பிடிக்கும். தொட்டுடாதே” என்று சிரித்தார். ஆயுத பூஜையன்று பெட்டிக்கும் பல்புக்கும் குங்குமம் வைத்தார். அது சாமி விளக்கு என்றே நான் முடிவு கட்டிவிட்டேன். முதலாளியும் அப்படித்தான்.

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க அக்கா இரண்டு நாள் விடுப்பில் போனார். முதல் நாள் காலை ஒரு தொழிற்சாலையிலிருந்து பட்டறையைப் பார்க்க ஆள் வருவதாக இருந்தது.

“என்னாலா இது? கம்பெனி ஆளு வரான், இங்க என்னா கோயிலா நடத்துறோம்? கழட்டுடா அந்தச் சாமி வெளக்க” என்றார், பேச்சுக்குப் பேச்சு ‘லா’ போடும் முதலாளி.

“அக்கா தொட வேணாம்னு சொன்னாங்க முதலாளி.”

“அவ முதலாளியா, நான் முதலாளியா?”

கழற்றினேன். மோட்டார்கள் அப்போதும் சுற்றின. இரண்டு நாளும் இயந்திரத்தை ஓட்டியவன் நான்தான்.

அக்கா நெற்றியில் சந்தனத்தோடு திரும்பி வந்த அன்றே, அந்தச் சுருள்கள் எல்லாம் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. சுற்று குறைவு. அவர் சுருள்களைப் பார்க்கவில்லை, இயந்திரத்தைப் பார்த்தார். “பல்பு எங்க?” என்றார். பிறகு பொறுமையாகச் சொன்னார். அந்தப் பெட்டி கணினிக்காகச் செய்தது. அதன் ஐந்து வோல்ட் கம்பியில் ஏதாவது சுமை இருந்தால்தான் பன்னிரண்டு வோல்ட் கம்பியில் முழுச் சக்தி வரும். பல்புதான் அந்தச் சுமை. அதை எடுத்தால் மோட்டார் வலுவிழந்து நடுநடுவே அடி தவறும். இயந்திரமோ சுற்றச் சொன்னதை எண்ணுமே தவிர, சுற்றியதை எண்ணாது.

“ஒரு பல்பு இல்லன்னா சுத்து கொறையுமா? யாருகிட்ட கதை விடுற? லீவுக்குப் போற அவசரத்துல செட்டிங்க கெடுத்துட்டுப் போயிட்டே. உன்னால என் பேரு போச்சு. நாளையிலருந்து வராதே” என்றார் முதலாளி.

அக்கா என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீ சொல்லு. யாரு கழட்டுனா?”

பல்பு என் மேசை இழுப்பறையில் இருந்தது. முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரியலக்கா” என்றேன்.

அவர் தன் சோற்றுப் பாத்திரத்தையும் சால்டரிங் கருவியையும் எடுத்துப் பையில் வைத்தார். இயந்திரத்தை எடுக்க விடவில்லை. “என் கடையில செஞ்சது” என்றார் முதலாளி. பதினைந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது.

மறுநாள் காலை முதலாளி வந்ததும் சொன்ன முதல் வார்த்தை: “டேய், அந்தப் பல்ப மாட்டுடா.”

மாட்டினேன். சுற்று ஒன்றுகூடப் பிசகவில்லை. அக்கா சொன்னது அவனுக்கு அப்போதே புரிந்திருக்கிறது. புரிந்தும்தான் அனுப்பியிருக்கிறான். அதன் பிறகு பார்க்க வருகிறவர்களிடம், “நம்ம ஐடியாலா” என்று அந்த இயந்திரத்தைத் தட்டிக் காட்டுவான். இப்போது எழுதும்போதும் என் பல் நறநறக்கிறது. ஆனால் அவனை மட்டும் திட்டிவிட்டு எழுந்து போக எனக்கு உரிமையில்லை.

மூன்று மாதம் கழித்து, பல்பைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலையை விட்டு வெளியேறினேன். பெரிய வீரம் என்று நினைத்தேன். மூலைக்கடையில் அவன் வேறொரு பல்பு வாங்கியிருப்பான், அவ்வளவுதான். அடுத்த வாரமே ஜெலுத்தோங் பசாரில் அக்காவைப் பார்த்தேன். ஒரு மீன் கடையின் பின்னால் குந்தியமர்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். வெடித்த விரல்களில் உப்புத்தண்ணீர். பத்தடி தூரம்தான். பல்பு என் பையில் இருந்தது. நான் அடுத்த சந்துக்குள் திரும்பிவிட்டேன்.

பல்பின் இழை இன்னும் அறுந்துபோகவில்லை. மாட்டினால் இன்றும் எரியும். “யாரு கழட்டுனா?” என்று அவர் கேட்டார். நான்தான் அக்கா. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?