இல்காவின் காதில் விழுந்த குரல்

டூட்டிங்கில் இருக்கும் பெனடிக்ற் பஸ் டிரைவர். லண்டனில் பஸ் ஓடும் தமிழர்கள் எத்தனையோ பேர், அவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்ல அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். ஒரு மண்டபம் நிறைந்த ஆட்களுக்கு முன்னால் மைக்கைப் பிடித்து, உலகத்திலேயே இல்லாத ஒரு காட்சியைத் தன் கண்ணால் கண்டதாகச் சொல்லி, அத்தனை பேரையும் வாயடைக்க வைத்த மனிதர் இவர். அதுவும் சத்தியமாகத்தான் சொன்னார்.

தொண்ணூறுகளில் 'ஹாபர் நைன்' என்றொரு தொடர் இங்கே தொலைக்காட்சியில் போனது. விண்வெளியில், எந்த ஊருக்கும் சேராத தூரத்தில், ஒரு துறைமுகம். கப்பல்கள் வரும், போகும், சில திரும்பி வராது. கதை நல்ல சூடு பிடித்து அந்தரத்தில் நிற்கும்போது திடுதிப்பென்று நிறுத்திவிட்டார்கள். முடிவைக் காட்டியிருந்தால் சனம் பார்த்துவிட்டு மறந்திருக்கும். காட்டாமல் விட்டதால் அதன் ரசிகர்கள் இன்றுவரை அதையே சப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த ரசிகர்களுக்குள் பெனடிக்ற்றும் ஒருவர் என்பதை அவர் வீட்டுக்கு வெளியே யாரும் அறியார். மகள் ஷெறோனுக்குச் சின்ன வயதில் அவர் சொன்ன கதையெல்லாம் இந்தத் துறைமுகத்துக் கதைதான். தொடர் டிஸ்க்காக வந்தபோது வாங்கித் தரட்டுமா என்று அவள் கேட்டாள். "எனக்கு அது மனப்பாடம் பிள்ளை, பேந்தென்னத்துக்குக் காசு?" என்று மறுத்துவிட்டார். அந்த ஒரு சிக்கனம்தான் பிறகு அவரை இந்தப் பாடு படுத்தியது.

தொடருக்கு முப்பது வயதானபோது கிங்ஸ்பரியில் ஒரு மண்டபத்தில் ரசிகர்கள் கூடினார்கள். ஷெறோன் அப்பாவின் பிறந்தநாளுக்கென்று டிக்கெற் எடுத்துக் கூட்டிப்போனாள். உள்ளே போனால், நரைத்த தலைகளும் வெள்ளி நிற ஜாக்கெற்றுகளுமாக ஒரே கொண்டாட்டம். முப்பது வருடத்துக்கு முந்திய அளவில் தைத்த ஜாக்கெற். பாதிப் பேருக்கு வயிற்றுக்கு மேலே சிப் ஏறவில்லை. யாருக்கும் அதைப் பற்றி வெட்கமும் இல்லை. பெனடிக்ற்றுக்கு அந்தச் சனத்தைப் பார்த்த உடனே பிடித்துப்போயிற்று.

சங்கத்தின் தலைவி ஹேசல், ஓய்வுபெற்ற விஞ்ஞான ரீச்சர். தொடரில் எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதுவரை சொல்லக்கூடிய மனுஷி. ஒவ்வொருவராக வந்து தங்களுக்குப் பிடித்த காட்சியைச் சொல்லும்படி அவர் கேட்டார். ஷெறோன் அப்பாவைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டாள்.

பெனடிக்ற் மைக்கைப் பிடித்தார். சும்மா சொல்லக்கூடாது, அழகாகச் சொன்னார். சிக்னல் அறையில் வேலை செய்யும் இல்கா என்ற பெண், தொலைந்துபோன கப்பல் ஒன்றைத் தன்னந்தனியாக இருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். எல்லாரும் கைவிட்டுவிட்டார்கள். அவள் விடவில்லை. கடைசியில் அவள் காதில் ஒரு இரைச்சல் வருகிறது, இரைச்சலுக்குள்ளிருந்து அவளுடைய புருஷனின் குரல் வருகிறது.

"அவ்வளவு தூரத்திலிருந்து அவன் முதல் கேட்கிற கேள்வி என்ன? 'சாப்பிட்டியா?' என்று கேட்கிறான். அவள் சந்தோஷத்தில் விம்மி விம்மி அழுகிறாள். என் வாழ்க்கையில் அதைப்போல ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை," என்று ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார்.

கைதட்டலைக் காணவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஹேசல் மெதுவாக, "இல்காவுக்குப் புருஷனே கிடையாதே," என்றார்.

அந்தக் காட்சியைத் திரையில் போட்டார்கள். இல்கா வந்தாள். அதே அறை, அதே காதுக் கருவி, நெற்றியில் அதே தழும்பு. இரைச்சல் வந்தது. குரல் வரவில்லை. இல்கா கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அழுதாள். காட்சி அவ்வளவுதான். முப்பது வருடம் சந்தோஷக் கண்ணீர் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தது, பதிலே வராத ஒருத்தியின் கண்ணீர். பெனடிக்ற் ஆடிப்போய்விட்டார்.

அவர் ஆடிப்போக, மண்டபம் குதூகலித்தது. அந்த இரைச்சலுக்குள் ஏதோ குரல் இருக்கிறது என்று ரசிகர்களுக்குள் ஒரு கட்சி, இல்லை என்று இன்னொரு கட்சி. ஆண்டாண்டு காலமாக ஹெட்போனைப் போட்டுக்கொண்டு சண்டை பிடிக்கிறார்கள். இப்போது, அந்தக் குரலைக் காதால் கேட்ட ஆளே வந்து நிற்கிறார்! எங்கே பார்த்தீர்கள், எந்த வருடம், வேறு பதிப்பு ஏதும் போனதா என்று சூழ்ந்துகொண்டு பூராயம் விசாரித்தார்கள். ஹேசல் தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்து, "எது தெரிய வந்தாலும் சொல்லுங்கள், நாங்கள் காத்திருப்போம்," என்றார்.

பெனடிக்ற்றின் பயம் வேறு. பாரிஸில் இருக்கும் அவருடைய மூத்த அண்ணைக்கு மறதி நோய். தன் மனைவியைப் பார்த்தே, "நீங்கள் ஆர்?" என்று மரியாதையாகக் கேட்கிற நிலை. அதுவும் மறதியில் தொடங்கவில்லை. நடக்காத ஒன்றை நடந்ததாக, அடித்துச் சொல்வதில்தான் தொடங்கியது. நான் இப்போது செய்ததும் அதுதானே என்று நினைத்தார். தலைக்குள் இல்லாததெல்லாம் ஓடுகிற மனிதனிடம் யார் ஒரு பஸ்ஸைக் கொடுப்பார்கள்?

வீட்டுக்கு வந்து மனைவி றூபினியிடம் சொன்னார்.

"மடு மாதாவே! உங்கட அண்ணையும் இப்பிடித்தானே துவங்கினவர்?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறன்."

"இனி யோசிக்கிறதுக்கு ஒண்டுமில்லை. வாற கிழமை டொக்டரிட்டைப் போறம்."

றூபினி அப்படித்தான், ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். பெனடிக்ற் ஷிப்ட்டில் நிற்கிற நாளெல்லாம் மதியம் போன் எடுத்து, "சாப்பிட்டியளோ?" என்று கேட்பார். இவர் "ஓம், ஓம், வையும்" என்று அறுத்துவிடுவார். கூட வேலை செய்கிறவர்கள் அதை வைத்து இவரைப் பகிடி பண்ணுவார்கள்.

டொக்டரிடம் போக முன் பெனடிக்ற்றுக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. அந்தத் தொடரை அவர் தனியாகவா பார்த்தார்? மன்னாரிலிருந்து வந்த புதிதில், டூட்டிங்கில் ஒரு வீடு நிறையப் பொடியன்கள். பெற்றோல் செட்டில் வேலை செய்தவன், கடையில் பெட்டி தூக்கினவன், அகதிக் கேஸ் முடியாமல் சும்மா இருந்தவன் எல்லாரும் வியாழக்கிழமை பின்னேரம் ஒரு பழைய தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் குந்திவிடுவார்கள். அவர்களில் ஒருவர் தியாகராஜா. இப்போது டூட்டிங்கிலேயே மளிகைக் கடை வைத்திருக்கிறார். பெனடிக்ற் நேரே அங்கே போனார்.

தியாகராஜா முருங்கைக்காய் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மச்சான், ஹாபர் நைன் ஞாபகம் இருக்கோ? அந்தச் சிக்னல் பெட்டை?"

"இல்கா! அவளை மறக்க ஏலுமோடா?"

"அவளின்ர காதிலை என்ன கேட்டது?"

"இதென்ன கேள்வி? புருசன் கதைச்சவன். சாப்பிட்டியோ எண்டு கேட்டவன். நான் குசினிக்குள்ளை ஓடிப்போய் நிண்டு அழுதனான். உனக்கு இப்ப ஏன் அந்த விடுப்பு?"

பெனடிக்ற்றுக்கு முருங்கைக்காயோடு சேர்த்து அவரைக் கட்டிப்பிடிக்கலாம்போல இருந்தது. ஒரு தலை பிசகலாம், இரண்டு தலை ஒரே மாதிரியா பிசகும்? பயம் பாதி இறங்கியது. ஆனால் இறங்கிய இடத்தில் அறிந்துகொள்ளும் விடுப்பு ஏறி உட்கார்ந்துகொண்டது. திரையில் இல்லாத குரல் இரண்டு பேர் காதில் எப்படி விழுந்தது?

"ஜம்பு அண்ணையைக் கேள்," என்றார் தியாகராஜா. "அவர்தானே எங்களுக்கு இங்கிலிஷிலை இருந்து சொன்னவர்."

சொன்னால் நம்பமாட்டீர்கள், பெனடிக்ற் அந்த ஒன்றைத்தான் யோசிக்கவே இல்லை. அந்தக் காலத்தில் அந்த வீட்டில் யாருக்கும் ஆங்கிலம் கிடையாது, ஜம்புநாதன் ஒருவரைத் தவிர. அவர் கொழும்பில் கப்பல் கொம்பனி ஒன்றில் வேலை பார்த்தவர். தொடர் ஓட ஓட, அதில் பேசுவதை எல்லாம் உடனுக்குடன் தமிழில் சொல்வார். அந்தத் தொண்டுக்காக வியாழக்கிழமைகளில் அவரைப் பாத்திரம் கழுவும் முறையிலிருந்து விலக்கி வைத்திருந்தார்கள். நாளடைவில் அவர் குரலும் படத்தின் குரலும் இவர்கள் மனதில் ஒன்றாகிப்போயின.

ஜம்புநாதன் இப்போது சவுத்தாலில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு பெனடிக்ற் ரயில் ஏறினார். அங்கே போனபோது, கிழவர் வாசலில் நின்று ஒரு பஞ்சாபி முதியவரோடு கையை ஆட்டி ஆட்டிக் கதைத்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி போனார்.

"அண்ணைக்குப் பஞ்சாபியும் தெரியுமோ?"

"தெரியாது. ஆனாக் கதைப்பன்," என்றார் ஜம்புநாதன். "வா, உள்ளுக்கு வா."

அந்த வாசலிலேயே பெனடிக்ற்றுக்கு விஷயம் கொஞ்சம் பிடிபட்டது. தேத்தண்ணி வருமட்டும்கூட அவரால் பொறுக்க முடியவில்லை.

"அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. அந்த வீட்டிலை இருக்கேக்கை உங்களுக்கு இங்கிலிஷ் எவ்வளவு தெரியும்?"

"உங்களை விட ஒரு சொட்டு அதிகம்."

"கப்பல் கொம்பனியிலை கிளாக்காய் இருந்தனீங்கள்தானே?"

"கப்பல் கொம்பனிதான். கன்ரீனிலை நிண்டனான். கிளாக் எண்டு நான் எப்ப சொன்னனான்? நீங்களாய் நினைச்சியள், நான் மறுக்கேல்லை." கிழவரின் முகத்தில் ஒரு சொட்டு வெட்கம் இல்லை. "படம் ஓடுது, நீங்கள் அவ்வளவு பேரும் என்ர வாயைப் பாக்கிறியள். பாத்திரமும் கழுவத் தேவையில்லை. ஆருக்கடா அந்தச் சுகத்தை விட மனம் வரும்?"

பெனடிக்ற்றுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. முப்பது வருடம் தான் தலையில் சுமந்து, மகளுக்கும் ஊட்டி வளர்த்த கதை முழுவதும் கன்ரீன்காரர் அவிழ்த்துவிட்டது! அதோடு, சிரிக்கச் சிரிக்க, நெஞ்சில் இருந்த கல்லும் இறங்கியது. அவருடைய தலை பிழைவிடவில்லை. காதால் கேட்டதை அப்படியே வைத்திருந்திருக்கிறது.

"சரி அண்ணை, மற்றதெல்லாம் போகட்டும். அந்த இல்காவுக்கு ஏன் ஒரு புருசனை உண்டாக்கினனீங்கள்?"

அதற்குள் தேத்தண்ணி வந்திருந்தது. ஜம்புநாதன் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"உனக்கு ஞாபகம் இல்லையோ?"

"என்ன ஞாபகம்?"

"நீ அப்ப சாப்பிடுறேல்லை. மன்னார்ப் பக்கம் ஆமி வந்திட்டுது, நீ ஊரிலை விட்டிட்டு வந்த றூபினி மடு மாதா கோயிலுக்குப் போனாவோ, இல்லாட்டி என்ன நடந்ததோ எண்டு ஒரு தகவலும் இல்லை. சாப்பாட்டுக் கோப்பையிலை போட்ட சோத்தை அப்பிடியே திருப்பிக் கொண்டுபோய் வைப்பாய். தேத்தண்ணியிலைதான் கிடந்தனீ. தியாகராஜா சோத்தைக் குழைச்சுத் தீத்தியும் பாத்தவன், நீ வாய் திறக்கேல்லை. அந்தக் கிழமைதான் ரீவியிலை அவள் அந்தச் சாமானைக் காதிலை வைச்சுக்கொண்டு, ஆரையோ கூப்பிட்டு அழுதவள். அவள் ஏன் அழுறாள் எண்டு எனக்குத் தெரியாது. ஆனா வீட்டிலை எல்லாரும் உன்னைத்தான் பாக்கிறாங்கள். நான் ரீவியைப் பாத்து எப்பவடா கதை சொன்னனான்? உங்கட முகத்தைப் பாத்துத்தானே சொன்னனான். புருசன் கதைக்கிறான், சாப்பிட்டியோ எண்டு கேக்கிறான் எண்டு சொல்லிப்போட்டன்."

"பேந்து?"

"பேந்தென்ன? நீ எழும்பிப்போய்ச் சோறு போட்டுச் சாப்பிட்டனீ. ரெண்டாம் தரமும் போட்டனீ."

பெனடிக்ற் எவ்வளவோ தேடிப் பார்த்தார். திரும்பிப் போன சோறும் நினைவில் இல்லை, சாப்பிட்ட சோறும் இல்லை. இல்காவின் தழும்பு நினைவிருக்கிறது, தன் பட்டினி நினைவில்லை. அவருக்கு அழுகை வந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

"அதை மறந்தது நல்லதடா," என்றார் ஜம்புநாதன். "அதுக்குத்தானே இவ்வளவு பொய்யும் சொன்னனான். அழாமல் தேத்தண்ணியைக் குடி."

சவுத்தால் ரயில் மேடையில் நின்று பெனடிக்ற் ஹேசலுக்கு ஒரு செய்தி எழுதினார். 'குரலைக் கண்டுபிடித்துவிட்டேன். சவுத்தாலில் இருக்கிறார். அடுத்த கூட்டத்துக்குக் கூட்டி வருகிறேன்.' எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. றூபினி.

"எங்கை நிக்கிறியள்? நேரம் என்ன? சாப்பிட்டியளோ?"

வேகமான ரயில் ஒன்று நிற்காமல் அந்தப் பக்கத்தால் போயிற்று. அந்த இரைச்சல் அடங்கும்வரை பெனடிக்ற் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இல்லை, றூபினி. இன்னும் சாப்பிடேல்லை. நீர் சாப்பிட்டீரோ?"

கலியாணம் கட்டின நாளிலிருந்து அவர் அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஐயோ கடவுளே," என்றார் றூபினி. "இனி வாற கிழமை எண்டு பாத்துக்கொண்டிருக்க ஏலாது. நாளைக்குக் காலமையே டொக்டரிட்டைப் போவம்."