இடப்பக்க விளக்கின் கீழ்த் திருகாணி

அந்தத் திருகாணியின் மண்டையைத் தேய்த்துப் பாழாக்கியவன் நான்தான். ஜெபராஜ் அல்ல.

ஆறு வருடங்களாக இந்த ஒரு வரியை வாய்க்குள்ளேயே அடக்கி வைத்திருக்கிறேன். இன்று முதல்முறையாக உங்களிடம் சொல்கிறேன்... நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் சொல்ல முடிகிறது!

ஒரு திருகாணிக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று உங்களுக்குச் சிரிப்பு வரலாம். பொறுங்கள். முழுவதும் கேட்டுவிட்டு, அப்போதும் சிரிப்பு வந்தால் சிரியுங்கள்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் தலைமை மெக்கானிக். தையல் மிஷின்கள் எல்லாம் என் பொறுப்பு. தற்பெருமை என்று எடுத்துக்கொண்டாலும் சரி, ஓவர்லாக் மிஷின் ஓடும் சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவேன். நான் கைவைத்த மிஷின் மறுநாளே அதே கோளாறோடு நின்றதாக எந்த டெய்லரும் சொன்னதில்லை. என் வேலையைப் பற்றி எனக்கு அன்றும் சந்தேகம் இருந்ததில்லை, இன்றும் இல்லை. சந்தேகமெல்லாம் வேலை செய்யும் ஆளைப் பற்றித்தான்...

அப்போது நான் தலைமை மெக்கானிக் ஆகியிருக்கவில்லை. நானும் ஜெபராஜும் சமம். அவன் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். என்னைவிட இரண்டு வயது இளையவன். மனைவியோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் கம்பெனிக்குப் பின்னால் லைன் வீட்டில் குடியிருந்தான். வேலையில் கெட்டிக்காரன். எனக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும் வேலையை அவன் முக்கால் மணி நேரத்தில் முடிப்பான். இதை எழுதும்போதுகூட என் பேனா கொஞ்சம் தயங்குகிறது, பாருங்கள்!

முதலாளி அப்போது பொங்கலூரில் இரண்டாவது யூனிட் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டுக்கும் சேர்த்து ஒரு தலைமை மெக்கானிக் போடப்போகிறார் என்று பேச்சு. ஜெபராஜைத்தான் போடுவார் என்று கேன்டீனில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டி டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

கம்பெனிக்கு ஒரு பழைய டெலிவரி வேன் உண்டு. துணி உருளைகளைச் சாயப்பட்டறைக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் வண்டி. அதன் முகப்பு விளக்குகள் இரண்டும் மங்கிப்போயிருந்தன. ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விடலாம் என்று முதலாளி சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்!

"அதுக்கெதுக்குங்க எலக்ட்ரீசியன்? எல்.இ.டி. பல்பு ரெண்டு வாங்கிக் குடுங்க, ஞாயித்துக்கெழம நானே மாட்டிப்போடறனுங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி விடுமுறை. ஷெட்டில் நானும் வேனும் மட்டும். ஜெபராஜ் குடும்பத்தோடு சர்ச்சுக்குப் போயிருந்தான்.

புது பல்பின் பின்பக்கம் தடிமன். பழைய துளை வழியாக நுழையவில்லை. விளக்கையே வெளியே எடுக்க வேண்டும் என்றால் முன்னால் இருக்கும் வளையத்தைக் கழற்ற வேண்டும். பக்கத்துக்கு மூன்று திருகாணிகள். எல்லாமே பிளஸ் மண்டை, அதாவது கூட்டல் குறிபோலப் பள்ளம் வெட்டியவை.

என் சட்டைப் பையில் இருந்ததோ தட்டை முனைத் திருப்புளி. எங்கள் தையல் மிஷின்களில் ஊசியைப் பிடிக்கும் திருகாணியிலிருந்து கீழே தகட்டைப் பிடிப்பது வரை பெரும்பாலும் ஒற்றைக் கோடு வெட்டியவைதான். அதனால் மிஷின் மெக்கானிக் அந்த ஒரே திருப்புளியோடு காலத்தை ஓட்டிவிடுவான். முனையைச் சாணைக்கல்லில் என் கைக்குத் தக்கபடி தீட்டி வைத்திருந்தேன். இது ஒன்று போதும், எதையும் கழற்றுவேன் என்று எத்தனை பேரிடம் பீற்றியிருப்பேன்!

பிளஸ் திருப்புளி இல்லாமல் இல்லை. பத்தடி தூரத்தில், பூட்டாத ஒரு பெட்டியில் இருந்தது. ஆனால் அது ஜெபராஜின் பெட்டி... அவன் சாமானை எடுத்து நான் வேலை செய்வதா? இல்லாத நேரத்தில்கூட அவனிடம் கடன் வாங்குவதா?

தட்டை முனையையே பள்ளத்தில் குறுக்காக வைத்துத் திருகினேன். வலப்பக்கம் மூன்றும் கழன்றுவிட்டன. அந்த வெற்றிதான் என்னைக் கெடுத்தது. இடப்பக்கம் மேலே இருந்த இரண்டும் வந்தன. கீழே இருந்தது மட்டும் துருப்பிடித்துக் கிடந்தது. அழுத்தாமல், அவசரமாக, ஒரே முறுக்கு... முனை வழுக்கியது. இன்னொரு முறுக்கு. மறுபடியும் வழுக்கியது. குனிந்து பார்த்தால் கூட்டல் குறி போன இடம் தெரியவில்லை. வழவழவென்று ஒரு குழி மட்டும் மிச்சம்.

அப்புறம் நான் செய்ததைக் கேளுங்கள். இதில் எனக்குப் பெருமைதான், மறைக்க மாட்டேன். கட்டிங் கழிவிலிருந்து ஜட்டி எலாஸ்டிக்கில் ஒரு துண்டு வெட்டி, குழியில் வைத்து, அதன்மேல் திருப்புளியை அழுத்தித் திருகினேன். ரப்பர் பிடித்துக்கொண்டால் சில சமயம் வந்துவிடும். வரவில்லை. மிஷின் எண்ணெய் விட்டு அரை மணி நேரம் ஊறவைத்தேன். துரு விடட்டும் என்று மண்டையில் சுத்தியலால் நாலு தட்டு தட்டினேன். கடைசியில் ஹேக்சா பிளேடை எடுத்து, அந்த மண்டையிலேயே குறுக்காக ஒரு கோடு அறுத்தேன். பிளஸ் திருகாணி இப்போது ஒற்றைக் கோட்டுத் திருகாணி! என் திருப்புளி அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. அழுத்தி, மெதுவாக, கால் சுற்று... அரைச் சுற்று... வந்துவிட்டது! ஆளில்லாத ஷெட்டில் விசிலடித்தேன்.

விசில் அடங்குவதற்குள் விரிசலைப் பார்த்தேன். சுத்தியலால் தட்டினேன் அல்லவா? விளக்கைத் தாங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் காது உள்ளே உடைந்திருந்தது.

பசை போட்டு ஒட்டினேன். விளக்கைப் போட்டுச் சுவரில் பார்த்தேன். இடப்பக்க வெளிச்சம் வலப்பக்கத்தைவிட ஒரு சாண் மேலே அடித்தது. பசை காய்ந்தால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சரியாகாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும்.

மறுநாள் முதலாளியே அந்த வேனை எடுத்துக்கொண்டு பொங்கலூர் போனார். பொழுது சாய்ந்து திரும்பும்போது எதிரே வந்த பஸ்ஸின் டிரைவர் கண் கூசி, நடுரோட்டில் நிறுத்தி, அவரைத் திட்டித் தீர்த்துவிட்டாராம். எங்கள் முதலாளியை இந்த ஊரில் யாரும் ஒருமையில் பேசியதில்லை. செவ்வாய்க்கிழமை காலை என்னைக் கூப்பிட்டார்.

"ஏப்பா செந்திலு, நீ லைட்டு மாட்டுனியா, எதுக்க வாரவன் கண்ணப் புடுங்கறதுக்கு வழி பண்ணுனியா? உள்ளார பிளாஸ்டிக்கு ஒடஞ்சு கெடக்குது. ஸ்க்ரூவப் பாத்தா நாய் கடிச்ச மாதர இருக்குது. ஆருப்பா பண்ணுனது?"

பதில் சொல்ல நான் ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

"நானில்லீங்க. போன மாசம் அந்தப் பக்கத்துப் பல்ப மாத்துனது ஜெபராஜுங்க. அப்பவே மண்டையத் தேச்சுக் காதையும் ஒடச்சு வெச்சிருக்கறானுங்க. பழைய பல்பு மங்கலுங்கறதால தெரியிலீங்க. அறுத்து எடுக்கறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிருச்சுங்க."

ஜெபராஜ் போன மாதம் பல்பு மாற்றியது உண்மை. கொட்டும் மழையில், பின்பக்கத் துளைக்குக் கை எட்டாமல், வளையத்தைக் கழற்றி மாற்றினான். ஒரு கீறல் இல்லாமல் மாற்றினான். அந்த உண்மையை எடுத்துத்தான் என் பொய்க்கு முட்டுக் கொடுத்தேன்.

பதவிக்காகவா சொன்னேன்? சத்தியமாக அந்த நேரத்தில் அந்த நினைப்பே இல்லை... இல்லையா? அப்படியானால் அத்தனை கோர்வையாக எப்படி வந்தது? நானே என்னைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன். நீங்கள் வேண்டுமானால் சொல்லுங்கள்.

ஜெபராஜை வரவழைத்தார்கள். முதலாளி அந்தத் திருகாணியை அவன் உள்ளங்கையில் போட்டார். அவன் மறுப்பான், சண்டை வரும், நானும் குரலை உயர்த்த வேண்டியிருக்கும் என்று தயாராக நின்றேன். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் என்மேல் துளிகூடச் சந்தேகம் இல்லை.

"அன்னைக்கி நல்ல மழ அண்ணாச்சி... அவசரத்துல நான்தான் சரியா அமுக்காம திருகியிருப்பேனோ என்னமோ. செஞ்சதே எனக்குத் தெரியலயே..."

நான் சொன்னதை அவன் நம்பிவிட்டான்! தன் கண்ணை நம்பவில்லை, தன் கையை நம்பவில்லை, என்னை நம்பினான்.

அன்றே கணக்கு முடித்து அனுப்பிவிட வேண்டும் என்று முதலாளி நின்றார். "வேலை தெரிஞ்ச ஆளுங்க. பொண்டாட்டி புள்ளைகளோட இருக்கறானுங்க. இந்த ஒருக்கா உட்டுருங்க" என்று நான்தான் பேசினேன். எவ்வளவு பெரிய மனசு எனக்கு! முதலாளி என் தோளைத் தட்டினார். அடுத்த மாதம் தலைமை மெக்கானிக் ஆனேன்.

அவனுக்கு வேலை போகவில்லை. சம்பளமும் குறையவில்லை. அதனால் பெரிய கேடு ஒன்றும் இல்லை என்று முதல் வருடம் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஆனால் அவன் ஒரு திருகாணியை முடுக்கிவிட்டு, மறுபடி கழற்றிப் பார்க்க ஆரம்பித்தான். மறுபடி முடுக்கினான். நாலடி நடந்துவிட்டுத் திரும்பி வந்து இன்னொரு முறை தொட்டுப் பார்த்தான். முக்கால் மணி நேரத்து வேலை ஒரு மணி நேரமாகி, அப்புறம் ஒன்றரை ஆனது. லைனில் மிஷின் நின்றால் பீஸ் நிற்கும். பீஸ் கணக்கில் கூலி வாங்கும் டெய்லர் பெண்கள் சும்மா இருப்பார்களா?

"ஏனுங்க செந்திலண்ணா, நீங்களே வாங்க. அவுரு வந்தாருன்னா இன்னிக்கு என்ற மிசினு ஓடுன மாதரதான்" என்று அவன் காதுபடவே கூப்பிடுவார்கள். நான் போவேன். பத்து நிமிடத்தில் ஓடவிடுவேன். அவன் பக்கத்தில் நின்று, நான் எப்படிச் செய்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருப்பான். என்னைவிட நன்றாகச் செய்யத் தெரிந்தவன்!

கிறிஸ்துமஸ் தவறாமல் என் வீட்டுக்குக் கேக் வரும். ஒரு வருடம் அவனே கொண்டுவந்தான். வாசலில் நின்று, "நீங்க மட்டும் அன்னைக்கிப் பேசலன்னா என் புள்ளையளோட படிப்பு என்ன ஆயிருக்கும் அண்ணாச்சி" என்றான். அன்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கின் நுனிவரை வந்தது... "வா, உள்ள வந்து சாப்பிட்டுட்டுப் போ" என்றேன். கேக்கையும் தின்றேன். நன்றாக இருந்தது.

போன வாரம் ஒரு தாளோடு என் மேஜைக்கு வந்தான். பேக்கிங்குக்கு மாற்றல் கேட்டு எழுதியிருந்தான். டீ-சர்ட்டை மடித்துக் கவரில் போடும் வேலை. சம்பளமும் குறைவு.

"மெக்கானிக் வேல நமக்குச் சரிப்பட்டு வராது அண்ணாச்சி. ஒவ்வொண்ணையும் செஞ்சுட்டு, சரியா செஞ்சேனா இல்லையான்னு வீட்டுக்குப் போயும் ஒறக்கம் வர மாட்டேங்கு. உங்கள மாதிரி எல்லாருக்கும் வாய்க்குமா? நீங்களே முதலாளிட்ட சொல்லி விடுங்க."

அறையில் வேறு யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது. இதைவிட நல்ல சமயம் ஒருவனுக்கு அமையாது. ஒரே வரி! உங்களிடம் முதலில் சொன்னேனே, அந்த ஒரே வரியைச் சொல்லியிருந்தால், அந்த மனிதன் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு லைனுக்குத் திரும்பிப் போயிருப்பான்.

"நல்லா யோசிச்சுட்டியா?" என்று கேட்டேன்.

"யோசிச்சிட்டேன் அண்ணாச்சி."

தாளில் துறைப் பொறுப்பாளர் கையொப்பம் என்று ஒரு இடம் விட்டிருந்தது. நான் பேனாவை எடுத்தேன். என் கை நடுங்கியிருந்தால் உங்களிடம் ஏதாவது சமாதானம் சொல்லலாம்... நடுங்கவில்லை. எப்போதும்போல், ஒரே இழுப்பில், அழகாகப் போட்டுக் கொடுத்தேன். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு எனக்கு நன்றி சொன்னான்.